குறைமாதக் குழந்தைக்குப் படுக்கையருகே ஸ்கேன்: ஏன் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்?

கேள்வி – மதுரைத் தந்தை

என் மகன் 28 வாரத்தில், 1,050 கிராம் எடையுடன் பிறந்து, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறான். மூன்றாம் நாள் ஸ்கேன் கருவியை இன்குபேட்டர் அருகே தள்ளிவந்து தலையைப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் முதல் நிலை இரத்தக்கசிவு இருக்கிறது, அடுத்த வாரம் மறுபடி பார்ப்போம்" என்றார்கள். அவன் சரியாக வளர்கிறானா என்பது இந்த ஸ்கேனிலேயே தெரிந்துவிடுமா? அடிக்கடி எடுப்பதால் கெடுதல் உண்டா?

பதில் – பச்சிளங்குழந்தை மருத்துவர்

ஐயா, கெடுதலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இது ஒலி அலை; எக்ஸ்ரே, சி.டி. போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. குழந்தையை வென்டிலேட்டரோடு வேறிடத்துக்குக் கொண்டுபோகும் ஆபத்தும் இல்லை.

உச்சிக்குழி இன்னும் மூடாமல் இருப்பதால், அதன் வழியே மூளையின் உட்பகுதியைப் பார்க்க முடிகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைகளை ஒட்டியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் எளிதில் கசியக்கூடியவை; அக்கசிவுகளில் பெரும்பாலானவை முதல் 72 மணி நேரத்துக்குள் நிகழ்வதால்தான் அந்த நாட்களில் பார்க்கிறோம். 1978இல் அமெரிக்க மருத்துவர் பாப்பீல் குழுவினர் வகுத்த நான்கு நிலைகளில், முதல் நிலை என்பது கசிவு பிறந்த இடத்தோடு நின்றுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். கசிவு அறைக்குள் இறங்கினால் இரண்டாம் நிலை, அறை விரிந்தால் மூன்றாம் நிலை, மூளைத் திசுவே பாதிக்கப்பட்டால் நான்காம் நிலை.

பிறகு ஏன் மறுபடியும் என்றால், கசிவுக்குப் பின் நீர் தேங்கி அறைகள் விரிகின்றனவா என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிட வேண்டும். அதோடு, மூளையின் வெள்ளைப் பகுதியில் ஏற்படும் சேதம் உடனே புலப்படாது. நீர்க்கட்டிகளாகத் தெரியவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். ஆகவே முதல் வார ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும், பின்னர் ஒருமுறையும், கர்ப்பக் கணக்கில் 40 வாரம் நிறைவடையும் காலத்தில் ஒருமுறையும் பார்ப்பதே முறை. இதே கருவியால், இதயத்தருகே பிறந்தபின் மூட வேண்டிய இரத்தக் குழாய் மூடிவிட்டதா என்பதையும் நுரையீரலின் நிலையையும் பார்க்கலாம்.

ஆனால் உடல் வளர்ச்சியை ஸ்கேன் சொல்லாது. அதற்கு எடைக்கருவியும் அளவு நாடாவும்தான். முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பு. பிறந்த எடை மீண்ட பிறகு, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் ஏறினால் நல்லது. தொடைத் தசையின் தடிமனை ஸ்கேனில் அளந்து வளர்ச்சியைக் கணிக்கும் முயற்சிகள் இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளன.

பதில் – செவிலியர்

தம்பி, வார்டில் நாங்கள் கவனிப்பது வேறு. ஜெல் குளிர்ந்திருந்தால் இவ்வளவு சிறிய உடம்பின் சூடு இறங்கிவிடும் என்பதால் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைப்போம். உச்சிக்குழியை அழுத்தாமல் கருவியின் முனையை மெல்ல வைப்பார்கள். ஆக்சிஜன் அளவு இறங்கினால் உடனே நிறுத்திவிடுவோம். தலைச் சுற்றளவை வாரந்தோறும் எழுதிவைக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் கூடினால், அடுத்த ஸ்கேனுக்குக் காத்திராமல் உடனே பார்க்க வேண்டும்.

மதுரைத் தந்தை

நன்றி ஐயா, நன்றி அக்கா. 40 வார ஸ்கேனும் சரியாக வந்துவிட்டால், பிற்காலத்தில் நடப்பது, பேசுவது பற்றிக் கவலை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில் – பச்சிளங்குழந்தை மருத்துவர்

வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது, அவ்வளவே. நுண்ணிய பாதிப்புகள் இதில் தப்பிவிடலாம். எனவே விழித்திரைப் பரிசோதனையை, இவ்வளவு குறைந்த எடைக்கு, பிறந்து இரண்டு முதல் மூன்று வாரத்துக்குள் தொடங்கிவிடுங்கள், செவித்திறன் சோதனையையும் விட்டுவிடாதீர்கள். தவழ்தல், பேச்சு ஆகியவற்றைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கத்தில் மூளை அறைகளின் அளவுகளைத் தேதிவாரியாக எழுதித் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.