லாக்கர் விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது. 14 மாதத்தில் மூன்றாவது சென்சார்

சேற்றுத்தடம்

வணக்கம். என் வண்டியின் பின் டிஃபரென்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) மின்காந்த லாக்கர் இருக்கிறது. இரு பின் சக்கரங்களையும் பூட்டிச் சேர்ந்தே சுழல வைப்பது அது. தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. லோ ரேஞ்சில் (மெதுவான, இழுவை மிகுந்த கியர்) போட்டு சுவிட்சை அழுத்தினால் டாஷ்போர்டு விளக்கு சில முறை மின்னிவிட்டு நிலையாக எரிய வேண்டும். 14 மாதங்களுக்கு முன்பு அது நிலைக்காமல் மின்னிக்கொண்டே இருந்தது. லாக்கர் பூட்டியதா என்று கணினிக்குச் சொல்லும் சென்சார் போய்விட்டது என்று பணிமனையில் மாற்றிக் கொடுத்தார்கள். ஏழு மாதம் ஓடியது. மறுபடியும் அதே மின்னல், மறுபடியும் புதுச் சென்சார்.

மூன்று வாரங்களுக்கு முன்பு ஓர் ஓடையைக் கடந்து கரையேறும்போது மூன்றாவது முறையும் அதுவே நடந்தது. விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, வண்டி பக்கவாட்டில் மெல்லச் சரிகிறது. உடன் மகள் இருந்தாள். அந்த அரை நிமிடத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நான்காவது சென்சாரை எங்கே வாங்குவது என்று நான் கேட்கவில்லை. இது ஏன் சாகிறது, சாகாமல் காப்பது எப்படி என்பதே என் கேள்வி.

உதவக்கூடும் என்பதால் சில விவரங்கள்: ஒன்றரை ஆண்டுக்கு முன் சஸ்பென்ஷனை 3 அங்குலம் உயர்த்தினேன். சென்சார் மாற்றிய ஒவ்வொரு முறையும் கியர் ஆயிலையும் மாற்றியிருக்கிறார்கள். முன் லாக்கரில் இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

பல்சக்கரம்

நண்பரே, விளக்கு மின்னுவதற்கு "சென்சார் செத்துவிட்டது" என்று பொருள் கொள்ளாதீர்கள். "பூட்டச் சொன்னேன், பூட்டியதாகச் செய்தி வரவில்லை" என்றுதான் கணினி சொல்கிறது. லாக்கரின் காயிலுக்கு (மின்காந்தச் சுருள்) மின்சாரம் போகாமல் இருக்கலாம். போயும் காலரின் (பூட்டும் பல்வளையம்) பற்கள் பொருந்தாமல் இருக்கலாம். பொருந்தியும் செய்தி திரும்பி வராமல் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் அடிக்கிறது என்று வெப்பமானியை மாற்றுவது போன்றது.

பற்கள் பொருந்தாமல் இருப்பது பல நேரங்களில் பழுதே அல்ல. காலரின் பல்லும் கியரின் பள்ளமும் நேர் எதிரே வந்தால்தான் உள்ளே நுழையும். நிற்கும் வண்டியில் சுவிட்சை அழுத்திவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் அது மின்னத்தான் செய்யும். மெதுவாகச் சில மீட்டர் நகர்த்தி, ஸ்டியரிங்கைச் சற்றே இடமும் வலமும் திருப்ப வேண்டும். விடுவிக்கும்போதும் இதே கதைதான். ஆக்ஸில் தண்டுகள் முறுக்கேறி நின்றால் காலர் இறுகப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் பின்னால் நகர்த்தினால் விட்டுவிடும்.

உங்கள் வண்டியில் உண்மையில் பூட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலை இரு பக்கமும் உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடக் கூடாது. டிஃபரென்ஷியலுக்கு விசை கொண்டுவரும் பின்பக்கப் புரொப்பெல்லர் தண்டு சுழலாதபடி வண்டி கியரில் இருக்கட்டும். ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால், லாக்கர் திறந்திருக்கும் நிலையில் மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். பிறகு காயிலுக்கு மட்டும், நடுவில் ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துச் சக்கரத்தை மெல்லத் திருப்புங்கள். "டக்" என்று பூட்டிவிட்டால் அதற்கு மேல் சக்கரம் நகராது.

எந்த ஒயர் காயிலுக்குப் போகிறது என்று சர்வீஸ் கையேட்டில் பார்த்து உறுதி செய்யாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். தவறிச் சென்சார் ஒயரில் 12 வோல்ட் போய்விட்டால் நல்ல சென்சாரும் அங்கேயே கருகிவிடும்.

சேற்றுத்தடம்

இன்று காலை செய்து பார்த்தேன். மின்சாரம் கொடுத்ததும் கால் சுற்றுக்குள் பூட்டிக்கொண்டது. மின்சாரத்தை எடுத்ததும் விட்டுவிட்டது. ஆக, காயிலும் காலரும் நலம். பூட்டியும் செய்திதான் வரவில்லை. இது தெரிந்ததே எனக்குப் பாதி நிம்மதி.

சென்சாரிலிருந்து மூன்று ஒயர்கள் வருகின்றன. மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தேன். எந்த இரண்டைத் தொட்டாலும் பொருளுள்ள எண் எதுவும் கிடைக்கவில்லை. அப்படியானால் இது செத்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

கம்பிமுனை

இல்லை. மூன்று ஒயர் என்றால் அது பெரும்பாலும் ஹால் சென்சார். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவில் வேலை செய்வது. உள்ளே சிறு மின்னணுச் சில்லு இருப்பதால், ஓம் அளந்து அதன் உயிரைச் சொல்ல முடியாது. இரண்டு ஒயர் வரும் சாதாரணச் சுவிட்ச் வகைக்குத்தான் அந்தச் சோதனை. நல்ல ஹால் சென்சார்கள் எத்தனையோ இந்த ஓம் சோதனையில் தோற்றுக் குப்பைக்குப் போயிருக்கின்றன. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இக்னிஷனைப் போட்டுவிட்டு, கனெக்டர் இணைந்திருக்கும்போதே பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளவிடுங்கள். ஒரு ஒயரில் கணினி தரும் மின்னழுத்தம் இருக்கும், பல வண்டிகளில் 5 வோல்ட். தரை ஒயருக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய சுழியம் வர வேண்டும். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் தரை இணைப்பைச் சந்தேகியுங்கள். மூன்றாவது ஒயரில், பூட்டும்போதும் விடும்போதும் அளவு தெளிவாகத் தாவ வேண்டும்.

அளந்து முடித்ததும் கனெக்டரைப் பிரித்து உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். செம்பு அரித்த பச்சை படிந்திருக்கிறதா? எண்ணெய்ப் பசை இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

சேற்றுத்தடம்

5 வோல்ட் வருகிறது. தரையில் 0.03. மூன்றாவது ஒயரில் எண் அங்குமிங்கும் தடுமாறுகிறது, ஆனால் பூட்டினாலும் விட்டாலும் தெளிவான தாவல் இல்லை.

கனெக்டரைப் பிரித்ததும் எண்ணெய் சொட்டியது! கியர் ஆயிலின் அதே கந்தக வாடை. ஒரு முள்ளில் பச்சையும் இருக்கிறது. ஆக்ஸில் ஹவுசிங்குக்கு (ஆக்ஸிலின் கூடு) வெளியே, ஒரு முழத்துக்கும் மேல் தள்ளியிருக்கும் கனெக்டருக்குள் டிஃபரென்ஷியல் ஆயில் எப்படி வரும்? வெளிப்புறத்தில் கசிவின் சுவடே இல்லையே.

கம்பிமுனை

ஒயருக்குள்ளேயே ஏறி வந்திருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். ஒயரின் உள்ளே பல மெல்லிய செப்பு இழைகள், அவற்றின் நடுவே நுண்ணிய இடைவெளிகள், சுற்றிலும் உறை. ஒரு முனை ஆயிலில் இருந்தால் மறு முனை வரை ஊறி வந்துவிடும். உள்ளே அழுத்தமும் கூடினால் விரைவாகவே வரும்.

கனெக்டரைக் காண்டாக்ட் கிளீனரால் கழுவி, பச்சை பிடித்த முள்ளை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். பழைய சென்சார்களை எறிந்துவிட்டீர்களா?

பழைய ஸ்பேனர்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கம்பிமுனை "அழுத்தம்" என்று சொன்ன இடத்தில்தான் ஆணிவேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஐயா, சஸ்பென்ஷனை உயர்த்தியபோது பின் ஆக்ஸிலின் பிரீதர் குழாயை நீட்டினார்களா?

ஓடும்போது ஆயில் சூடாகிறது, ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று விரிகிறது. அது வெளியேறுவதற்குத்தான் மேலே அந்தச் சிறு குழாய். அது அடைத்தாலோ மடிந்தாலோ காற்று வேறு வழி தேடும். ஆயில் சீலை நெருக்கும், ஒயர் நுழையும் இடத்தில் ஆயிலை வெளியே தள்ளும். அது பாதிக் கதைதான். சூடான அந்த ஆக்ஸில் ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்கிறது. 90 டிகிரியில் இருந்த காற்று 25 டிகிரிக்கு இறங்கினால், அடைபட்ட ஹவுசிங்கில் அழுத்தம் ஏறத்தாழ 18 சதவீதம் குறையும். தண்ணீரைக் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் உயரத்துக்கு உறிஞ்சக்கூடிய இழுப்பு அது. சீல்கள் ஆயிலை உள்ளே வைத்திருக்கவே செய்யப்பட்டவை. இந்த உறிஞ்சலில் வெளித்தண்ணீர் சீலின் உதட்டைத் தாண்டி உள்ளே போய்விடும்.

லாக்கர் விளக்கு ஓடையைக் கடந்த பிறகு மின்னியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நிரப்பு போல்ட்டைத் திறந்து விரலால் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

நேர்வழி

இவ்வளவு பாடுபட வேண்டுமா? காயிலுக்குத் தனியாக ரிலே போட்டு, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்தால் சென்சார் இல்லாமலே லாக்கர் வேலை செய்யும். நான் இரண்டு ஆண்டாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பல்சக்கரம்

நேர்வழி அவர்களே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதை மற்றவர்கள் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சுவிட்ச் மின்சாரம் போகிறது என்பதை மட்டுமே சொல்லும். காலர் உண்மையில் விட்டுவிட்டதா என்று சொல்லாது. முறுக்கில் மாட்டிய காலரோடு தார்ச்சாலையில் வேகமாக வளைவில் திரும்பினால் வண்டி நேராகப் போகவே முயலும். மேலும் பல வண்டிகளில் லாக்கர் பூட்டியிருக்கிறது என்ற செய்தியை வைத்துத்தான் ஏபிஎஸ்ஸும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் தங்கள் நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. அந்தச் செய்தியை அறுத்துவிட்டு ஓட்டுவது, குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சேற்றுத்தடம்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன், மனம் அவ்வளவு நிறைந்திருக்கிறது.

ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. பிரீதர் குழாயைத் தேடினேன். சஸ்பென்ஷனை உயர்த்தியவர்கள் அதை நீட்டவே இல்லை. வண்டி நிற்கும்போது பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. பழைய ஸ்பேனர் கேட்ட கேள்விக்காக ஆக்ஸிலை முழுவதும் தொங்கவிட்டுப் பார்த்தேன். குழாய் விறைத்து, சேஸிஸ் விளிம்பில் மடிந்து, தட்டையாகிவிடுகிறது. மடிந்து மடிந்து அந்த இடத்தில் வெண்மையாகத் தேய்ந்து ஒட்டியே போயிருக்கிறது. வாயால் ஊதினால் காற்று போகவில்லை.

அடுத்ததுதான் என்னை உலுக்கிவிட்டது. கனெக்டரைக் கழுவி முள்ளை மாற்றியதும் மூன்றாவது சென்சார் வேலை செய்கிறது. தாவல் தெளிவாக வருகிறது. இரண்டாவது சென்சாரைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அதன் கனெக்டரைக் கழுவி, மேசையில் 5 வோல்ட் கொடுத்து, சமிக்ஞை ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோ ஓம் மின்தடை வைத்துச் சோதித்தேன். இரும்பை அருகே கொண்டுபோனால் தாவுகிறது, விலக்கினால் திரும்புகிறது. அதுவும் சாகவில்லை! புதுச் சென்சார் புது ஒயரோடும் சுத்தமான கனெக்டரோடும் வந்ததால் ஏழு மாதம் ஓடியிருக்கிறது. அவ்வளவுதான்.

இப்போது சென்சாரை மாற்றாமல் வேறு எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்?

பழைய ஸ்பேனர்

பிரீதரை முதலில் முடியுங்கள். ஆயில் தாங்கும் குழாயை, ஆக்ஸில் முழுவதும் தொங்கினாலும் இழுபடாத நீளத்தில் போட்டு, நீங்கள் இறங்கும் தண்ணீர் மட்டத்தைவிட உயரமான இடத்துக்கு ஏற்றுங்கள். நடுவில் தொய்ந்து தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கக் கூடாது. முனையில் தூசு நுழையாத மூடி வேண்டும். ஓடைக்கு முன்பு சில நிமிடம் நிறுத்தி ஆக்ஸிலை ஆறவிடும் பழக்கமும் நல்லது.

டிஃபரென்ஷியல் கவரைக் கழற்றி ஆயில் முழுவதையும் வடித்து, சென்சார் முகத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் துடையுங்கள். உள்ளே காந்தம் இருக்கும் சென்சார் துகளை இழுத்துக்கொள்ளும், கணிப்பு பிசகும். துகள் நிறைய இருந்தால், சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே லாக்கரைப் போடும் வழக்கம் யாருக்காவது இருக்கிறதா என்று யோசியுங்கள். பல்முனை உடைவது அப்படித்தான். தடையைப் பார்த்ததும், சக்கரம் வழுக்குவதற்கு முன்பே பூட்டிவிட வேண்டும்.

கவருக்கு சிலிக்கான் பசை போட்டால், வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அது வெளியிடும் அமிலம் செம்பை அரிக்கும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிட்ட பசையை மெல்லிய கோடாகப் போடுங்கள். ஆயிலைப் பொறுத்தவரை கையேடு சொல்வதே இறுதி. உராய்வு மாற்றி (உராய்வைச் சீராக்க ஆயிலில் சேர்க்கும் பொருள்) கலந்ததா, கலக்காததா என்பது லாக்கருக்கு லாக்கர் வேறுபடும்.

கம்பிமுனை

ஒயரில் திரி ஏறுவதைத் தடுக்க ஓர் எளிய வேலை இருக்கிறது. ஹவுசிங்குக்கு வெளியே, கனெக்டருக்கு முன்னால், ஒவ்வொரு ஒயரிலும் சிறு அளவு உறையை உரித்து, செப்பு இழைகளுக்கு நடுவே பற்றவைக்கும் ஈயம் முழுவதும் ஊறும்படி சூடாக்குங்கள். மேலே உள்பசை கொண்ட சுருங்குகுழாய் போட்டு மூடுங்கள். இழைகளின் இடைவெளி அடைபடுவதால் ஆயில் அந்த இடத்தைத் தாண்டாது. அந்த இடம் ஆடாதபடி ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஈயம் ஊறிய ஒயர் ஆடினால் அதன் விளிம்பில் ஒடியும்.

ஆக்ஸிலிலிருந்து சேஸிஸுக்குப் போகும் ஒயருக்கும் குழாயைப் போலவே தொங்கல் நீளம் வேண்டும். பிரீதரை நீட்டாதவர்கள் ஒயரையும் நீட்டியிருக்க மாட்டார்கள். வண்டி கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரை அந்தக் கனெக்டர் மீது நேராக அடிக்காதீர்கள்.

சேற்றுத்தடம்

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். பிரீதர், ஈய அடைப்பு, ஒயர் நீளம் மூன்றும் முடித்தேன். அதற்குப் பிறகு ஆறு முறை தண்ணீரில் இறங்கியாயிற்று. மாதம் ஒரு முறை இளகிய மண்ணில் லாக்கரைப் போட்டு எடுக்கிறேன். நேற்று ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன், தெளிவாக இருக்கிறது. கனெக்டர் உலர்ந்திருக்கிறது. அதே மூன்றாவது சென்சார்தான். அந்த ஓடைக் கரையில் மகளோடு மறுபடி ஏறினேன். விளக்கு இரண்டு முறை மின்னி நிலையாக எரிந்தது, வண்டி நேராக மேலே போனது.

பழைய ஸ்பேனர்

மிக்க மகிழ்ச்சி ஐயா. முன் ஆக்ஸிலின் பிரீதரை ஊதிப் பார்த்தீர்களா?

சேற்றுத்தடம்

உங்கள் கேள்வியைப் படித்ததும் போய் ஊதினேன். பாதிதான் போகிறது. குழாயின் நீளத்தை இப்போதே அளந்துவிட்டேன்.