டிராப் பட்டனை அமுக்கும் முன்: வெளிநாடு கிளம்பும் சேலத்துப் பிள்ளைகளுக்கு

செவ்வாய்பேட்டை, இப்போது அமெரிக்காவில் முதுகலை

இந்த வருடம் கிளம்பும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நான் 2023 ஆகஸ்டில் வந்தேன். சென்னையில் இன்டர்வியூ முடித்துவிட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலை ஜங்ஷனில் இறங்கினால், அப்பா ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "இனி அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல கண்ணு" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். என்னை மாட்டிவிட்டது அந்த நம்பிக்கைதான்.

பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா, வாசல் தாண்டி உள்ளே வருவதற்கு. வந்த பிறகு நாம் முறையான மாணவரா இல்லையா என்பதை பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்கிற சேர்க்கைச் சான்றும், அது நம்மைப் பற்றி செவிஸ் என்கிற அரசுப் பதிவில் ஏற்றும் விவரமும்தான் முடிவு செய்கின்றன. இதைத்தான் ஸ்டேட்டஸ் என்கிறார்கள். விசாவில் நாலு வருடம் பாக்கி இருக்கும்போதே ஸ்டேட்டஸ் போய்விடலாம். விசா தேதி முடிந்தவர் ஸ்டேட்டஸோடு நிம்மதியாகப் படித்துக்கொண்டும் இருக்கலாம். இதை ஊரில் எனக்கு யாரும் சொல்லவில்லை. கன்சல்டன்சிக்காரருக்கு விசா வாங்கித் தருவதோடு வேலை முடிந்துவிட்டது.

முதல் செமஸ்டரில் மூன்று பாடம், ஒன்பது கிரெடிட். எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு முழுநேரப் படிப்பு என்றால் அதுதான். இளங்கலைக்குப் பன்னிரண்டு. என் மூன்றில் ஒன்று ஆன்லைன். இன்னொன்று புள்ளியியல், அதில் அக்டோபர் தேர்வில் நூற்றுக்கு 31. பாடம் கடினம் என்பதைவிட, வாரம் அறுபது பக்கம் படித்துவிட்டு வந்து வகுப்பில் வாய் திறந்து பேசவேண்டும் என்பதுதான் எனக்குப் பழக்கமில்லாதது. ராத்திரி ஒரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்தேன். பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில், அதை விட்டுவிட 'டிராப்' என்று சின்னதாக ஒரு பட்டன். அமுக்கினேன். நிச்சயமா என்று கேட்டது, ஆமாம் என்றேன். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மெயில்: உடனே வரவும். அங்கே இருந்த அட்வைசருக்கு என் அம்மா வயது இருக்கும். அவர் கோபப்படவில்லை. "அமுக்கும் முன் ஏன் என்னிடம் வரவில்லை?" என்று மட்டும் கேட்டார். பிறகு நிதானமாக விளக்கினார். புதிதாக வந்தவருக்கு மொழி, வாசிக்கவேண்டிய அளவு, கற்பிக்கும் முறை ஆகியவற்றில் சிரமம் இருந்தால் பாடத்தைக் குறைக்க அவரே அனுமதி தரலாம். முழுச் சுமையில் பாதியாவது இருக்கவேண்டும், ஒரு பட்டப்படிப்பில் ஒருமுறைதான் கிடைக்கும், முக்கியமாக டிராப் செய்வதற்கு முன்பே வாங்கவேண்டும். உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் கடிதத்தோடு அதற்குத் தனி வழி. ஒரு பாடம் விட்ட பிறகு எனக்கு மிஞ்சுவது எப்படியும் அதே ஆறு கிரெடிட்தான். முந்தைய நாள் போய்க் கேட்டிருந்தால் சட்டப்படி சரி, கேட்காததால் மீறல்.

அன்றிரவு பத்து மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன், அங்கே காலை எட்டரை. பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார், நெருப்புச் சத்தம் போனில் கேட்டது. நான் சொல்லச் சொல்ல அந்தச் சத்தம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தம்மா என்ன சொல்றாங்களோ அதை மட்டும் செய் தம்பி. ரூம்ல இருக்கிறவன் சொன்னான், வாட்ஸப்ல வந்துச்சுன்னு எதையும் செய்யாத" என்றார். அப்பா எட்டாவதோடு நின்றவர். எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதைவிடச் சரியானது வேறில்லை.

பல்கலைக்கழகம் இன்னும் எதையும் பதிவில் ஏற்றாததால் தப்பித்தேன். செமஸ்டரின் பின்பாதியில் தொடங்கும் எட்டு வார வகுப்புகள் சில உண்டு. அவசரத்தில் ஆன்லைன் வகுப்பு ஒன்றைப் பிடித்தேன், அட்வைசர் அதை அடித்துவிட்டார். முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் பாடம்தான் சேரும், அதை நான் ஏற்கெனவே எடுத்தாயிற்று. கடைசியில் காலை எட்டு மணி வகுப்பு ஒன்றில், பேராசிரியரிடம் நேரில் போய் நின்று இடம் வாங்கினேன். பதிவு முறிந்திருந்தால், காரணம் காட்டி ஐந்து மாதத்துக்குள் மறுபடி சேர்க்கச் சொல்லி மனுப் போடவேண்டும், இல்லையேல் ஊருக்குத் திரும்பிப் புது ஐ-20யோடு முதலிலிருந்து வரவேண்டும்.

யாராக இருந்தாலும் சரி, பாடம் விடுவது, வேலை, வீடு மாறுவது, ஊருக்கு வருவது, எதுவானாலும் செய்துவிட்டுப் போய்ச் சொல்லாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கொண்டலாம்பட்டி, அமெரிக்காவில் படிப்பு முடித்தவர்

தம்பி சொன்ன வீடு மாறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. புது முகவரியைப் பத்து நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். நான் பன்னிரண்டாம் நாள் ஞாபகம் வந்து ஓடினேன். ஊருக்கு வருவதாக இருந்தால் ஐ-20யில் பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் போட்டதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள்.

வேலை விஷயத்தில் தயவுசெய்து ஜாக்கிரதை. வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். நான் மாணவர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன். அப்போது நம்ம பக்கத்து அண்ணன் ஒருவர், "கடையில நில்லுடா, கையில காசு தர்றேன், எழுத்துல ஒண்ணும் வராது" என்றார். கடன் வட்டி நினைப்பில் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். போகவில்லை. அனுமதியில்லாமல் வேலை செய்தவருக்கு மேலே தம்பி சொன்ன மனுப் போடும் வழியும் கிடையாது.

ஏற்காடு, ஜெர்மனியில் முதுகலை

எங்களுக்குக் காப்பியும் மிளகும் கொஞ்சம். மிளகு விற்ற காசும் கடனும் சேர்த்துத்தான், விசாவுக்காகக் காட்டவேண்டிய முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) 11,904 யூரோ போட்டோம். ஒரு வருடச் செலவுக்கான அந்தப் பணம் மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதுவும் எனக்கு முதல் மாதம் வரவில்லை. அங்கே குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரி பதியவேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். நான் சீனியர் அக்கா ஒருவரின் அறையில் தரையில் படுத்திருந்தேன், அந்த வீட்டுக்காரர் தாள் தர மறுத்தார். தாள் இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் நான் கேட்ட வங்கியில் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் பணம் இல்லை. அம்மா பையில் வைத்துவிட்ட 500 யூரோவில் ஐந்து வாரம் ஓட்டினேன். கிளம்பும் முன்பே, "முகவரி பதியத் தாள் தருவீர்களா?" என்று கேட்டு, ஆமாம் என்பவரின் அறையை மட்டும் பிடியுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

இங்கிருந்து கொண்டுபோகும் விசா சில மாதத்துக்குத்தான். அது முடிவதற்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்தே ஆகவேண்டும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்காகும், அதனால் முகவரி பதிந்த அன்றே விண்ணப்ப வேலையைத் தொடங்குங்கள். ஒவ்வொரு செமஸ்டரும் கெடுவுக்குள் கட்டணம் கட்டி மறுபதிவு செய்யாவிட்டால் பல்கலைக்கழகப் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும்.

மலைக்குளிரில் வளர்ந்தவள் என்று தைரியமாகத்தான் போனேன். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. வீட்டில் அப்போது காப்பிப் பழம் பறிக்கும் காலம், அம்மா தோட்டத்தில் இருந்தால் சிக்னல் கிடைக்காது. ஞாயிறு கடைகள் வேறு மூடியிருக்கும். எங்கள் தோட்டத்துக் காப்பித்தூளைப் போட்டுப் பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டேன். அடுத்த ஞாயிறு அவளே வந்து கதவைத் தட்டினாள்.

அம்மாபேட்டை, ஒரு அப்பா

பொண்ணு செப்டம்பரில் இங்கிலாந்து போகுது. வீட்டில் தறி ஓட்டித்தான் படிக்க வைத்தோம். இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது, நாங்கள் என்ன பார்த்துக்கொள்ள முடியும்?

அஸ்தம்பட்டி, இங்கிலாந்தில் படித்தவர்

ஐயா, பயப்படாதீங்க. பாப்பாவிடம் இரண்டு விஷயம் கேளுங்க. விசா இப்போது அட்டையாக வருவதில்லை, ஆன்லைன் கணக்கில்தான் இருக்கும். அந்தக் கணக்கின் மெயிலும் பாஸ்வேர்டும் கன்சல்டன்சியிடம் இல்லாமல் அவளிடமே இருக்கிறதா என்று கேளுங்க. அடுத்தது வேலை. வகுப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான், அந்த வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறில் முடியும். இரண்டு இடத்தில் வேலை செய்தால் இரண்டையும் கூட்டித்தான் கணக்கு. நான் சமையலறைச் சுவரில் நாள்காட்டி மாட்டி, தினமும் எத்தனை மணி என்று பேனாவில் எழுதி வைத்தேன். வகுப்புக்குத் தொடர்ந்து வராதவரைப் பல்கலைக்கழகம் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்துவிடும், அதனால் ஷிஃப்டுக்காக வகுப்பை விடவேண்டாம்.

வீட்டுக் கஷ்டம் தெரிந்த பிள்ளை அதிகம் உழைத்துவிடத்தான் பார்க்கும். "இந்த மாசம் பணம் அனுப்பலைன்னா பரவாயில்ல பாப்பா" என்று நீங்களாகவே ஒருமுறை சொல்லிவிடுங்க. என் அப்பா இரண்டாவது மாதம் அதைச் சொன்னார். அடுத்த நாளே இரண்டாவது வேலையை விட்டேன்.