காங் யாட்சே 2: 8 நாள் பேக்கேஜா, 12 நாள் பேக்கேஜா?

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 43. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். சீசன் ஆரம்பித்துவிட்டால் தலை நிமிர நேரம் இருக்காது. பெங்களூரா காய் வரத்து நின்ற பிறகுதான் வீட்டில் என் முகத்தையே பார்ப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் லீவு கிடைக்கும். அதை வைத்து லடாக்கில் காங் யாட்சே 2 ஏற வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 6,250 மீட்டர். இதற்கு முன்னால் குமார பர்வதா இரண்டு முறை, உத்தராகண்டில் கேதார்காந்தா ஒரு முறை போயிருக்கிறேன். அது 3,800 மீட்டர் சொச்சம். ஒரு தொந்தரவும் இல்லை.

இரண்டு ஏஜென்சியில் கேட்டேன். ஒன்று லேயிலிருந்து லே வரை 8 நாள். லேயில் இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் வண்டி போகும் தூரம் வரை போய் ஹங்கர், நான்காம் நாள் நிமாலிங், ஐந்தாம் நாள் பேஸ் கேம்ப், அன்று ராத்திரியே உச்சிக்கு. இன்னொன்று 12 நாள், 17,000 ரூபாய் கூடுதல். இரண்டிலும் சம்மிட் சர்ட்டிஃபிகேட் தருகிறார்களாம்.

எட்டு நாள் போதுமா? லேசாக பிபி உண்டு, தினமும் ஒரு மாத்திரை. ஷூ வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை கிருஷ்ணகிரி கோட்டை ஏறுகிறேன், அது போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயக்கோட்டை ரன்னர் எழுதியது:

அண்ணா, நாலு நாளும் மிச்சம், பதினேழாயிரமும் மிச்சம். யோசிக்கவே வேண்டாம், எட்டு நாளே போங்கள். நான் பைக்கில் கர்துங் லா வரை போனேன், அதுவும் லே போய்ச் சேர்ந்த மறுநாளே. மேலே டீ, மேகி எல்லாம் சாப்பிட்டேன். ஒரு தலைவலி கூட வரவில்லை. நம்ம ஊர்க்காரன் உடம்பு களி சாப்பிட்ட உடம்பு.

அரூர் வாத்தியார் எழுதியது:

ரன்னர் தம்பி, கர்துங் லா 5,359 மீட்டர்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ அங்கே எவ்வளவு நேரம் இருந்தாய்? அரை மணி நேரம் இருந்திருப்பாய், போட்டோ எடுத்திருப்பாய், ராத்திரி லேயில் வந்து படுத்திருப்பாய். உயரத்தில் நிற்பது வேறு, உயரத்தில் தூங்குவது வேறு. களி இதற்குள் வராது.

காவேரிப்பட்டணம் தம்பி, எனக்கு 51, அதனால் தம்பி என்கிறேன். இதே காங் யாட்சே 2-க்குப் போய் உச்சியைத் தொடாமல் திரும்பியவன் நான். சர்ட்டிஃபிகேட் இல்லாதவன் சொல்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம கிருஷ்ணகிரி 500 மீட்டர். லே 3,500. டில்லியில் காலை ஃபிளைட் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அங்கே இறக்கிவிடுவார்கள். அந்த ஒரு தாவலுக்கே உடம்புக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். அதற்கு மேலே போகும்போது ஒரு வழக்கம் உண்டு. இன்றைக்குத் தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அதே இடத்தில் சும்மா கிடக்க வேண்டும். இப்போது உங்கள் எட்டு நாள் பிளானை எடுத்துப் பாருங்கள். ஹங்கர் சுமார் 4,000. நிமாலிங் சுமார் 4,800. ஒரே நாளில் எண்ணூறு மீட்டர். இரண்டுக்கும் நடுவில் தாச்சுங்சே என்று ஒரு கேம்ப் இடம் இருக்கிறது, 4,200 சொச்சம். அங்கே ஒரு ராத்திரி தங்கினாலே பாதி உபத்திரவம் குறையும். அடுத்த நாள் 5,100-ல் பேஸ் கேம்ப். அங்கே ஒரு தூக்கம் கூடத் தூங்க விடாமல் அன்று ராத்திரியே 6,250-க்கு ஏற்றுகிறார்கள். எட்டு நாள் என்று எப்படி எழுதினார்கள் என்றால், ஓய்வு நாளை வெட்டித்தான் எழுத முடியும். வேறு எதை வெட்ட முடியும்? மலையையா?

நான் போனது 11 நாள் பிளான். நாங்கள் ஆறு பேர், இரண்டு கைடு, ஒரு ஹெல்பர். ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பினோம். முதலில் வெறும் கல்லும் சரளையும், ஹெட் லைட் வெளிச்சத்தில் முன்னால் போகிறவர் குதிகாலைப் பார்த்தே நடக்க வேண்டும். பனி ஆரம்பிக்கும் இடத்தில் ஷூவுக்கு அடியில் க்ராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்க மாட்டும் இரும்பு முள் சட்டம்) மாட்டி, எல்லோரையும் ஒரே கயிற்றில் கோத்தார்கள். அதற்குள் என் பையிலிருந்த தண்ணீர்க் குழாய் உறைந்து குச்சி மாதிரி ஆகிவிட்டது. (குழாய் வேண்டாம். வாய் அகன்ற பாட்டில் கொண்டு போங்கள், பையில் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலே இருந்துதான் உறையும், மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும்.)

மூன்று மணி இருக்கும். எங்களோடு வந்த சேலத்துக்காரர் ஒருவர் அப்படியே பனியில் உட்கார்ந்து க்ராம்பானைக் கழற்ற ஆரம்பித்தார். ஏன் சார் என்றால், "வீடு வந்திருச்சு, செருப்போட உள்ள போகக் கூடாது" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். பெரிய கைடு சிரிக்கவில்லை. அவரை எழுப்பி நிற்க வைத்து, ஒரு குதிகாலை இன்னொரு காலின் கட்டை விரலோடு ஒட்டி வைத்து, கோட்டில் நடப்பது போல நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே சேலத்துக்காரர் சாய்ந்தார். அவ்வளவுதான். கைடு வாட்ச் கூடப் பார்க்கவில்லை, இறக்கு என்றார். மூளையில் நீர் கோத்துக்கொள்வதன் அறிகுறியாம். இறக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் ஆளே போய்விடுவாராம்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான்தான் கயிற்றில் கடைசி. மூன்று அடி வைத்தால் நான்கு மூச்சு. "வாத்தியார் சாப், நீங்களும் இவரோடு இறங்குங்கள்" என்றார். எனக்குத் தலைவலி இல்லை, வாந்தி இல்லை, வேகம் மட்டும் இல்லை. வெயில் ஏறினால் பனி இளகும், அதற்குள் நான் உச்சிக்குப் போய்த் திரும்ப முடியாது என்பது அவர் கணக்கு. சண்டை போட்டேன். முழுப் பணம் கட்டியிருக்கிறேன் என்று கூடச் சொன்னேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சின்ன கைடோடு நாங்கள் இரண்டு பேரும் இறங்கினோம். விடிந்த பிறகு பேஸ் கேம்பிலிருந்து பார்த்தால், வெள்ளைச் சரிவில் எறும்பு மாதிரி வரிசையாகப் புள்ளிகள். அவர்கள் ஏறினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்றைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சேலத்துக்காரருக்கு ஊசி போட்டு, ஆக்ஸிஜன் கொடுத்து, குதிரையில் நிமாலிங்குக்குக் கீழே அனுப்பினார்கள். லேயில் என்னோடு உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டார். செருப்பு விஷயம் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை.

எதற்கு இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு ஒரே கைடு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்று ஆறு பேரும் இறங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மனுஷனைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அதனால் ஏஜென்சியிடம் சர்ட்டிஃபிகேட்டைப் பற்றிக் கேட்காதீர்கள். உச்சிக்குக் கிளம்பும் ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை கைடு என்று கேளுங்கள். சமையல்காரரையும் குதிரைக்காரரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள், கழித்துவிடுங்கள். எத்தனை மணிக்கு மேல் எங்கே இருந்தாலும் திருப்பிவிடுவீர்கள் என்று கேளுங்கள். நேரம் சொல்லத் தெரியாத ஆளோடு போக வேண்டாம். ஆக்ஸிஜன் சிலிண்டர் பேஸ் கேம்பில் இருக்குமா, லே ஆபீஸில் இருக்குமா? வானிலை கெட்டால் ஒரு நாள் கையிருப்பு உண்டா? இந்தியன் மவுண்டனீயரிங் ஃபவுண்டேஷன் அனுமதி வாங்கிவிட்டார்களா? 12 நாள்காரர்களிடமும் இதையெல்லாம் கேளுங்கள். நாள் கூடினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது.

ஷூ: வாங்காதீர்கள், விலை கட்டாது, அப்புறம் அரூரில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது? வாடகைதான். ஆனால் எனக்குக் கொடுத்தது அரை சைஸ் சின்னது. லேயில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்தது, மெல்லிய சாக்ஸோடு பார்த்தேன், முட்டாள்தனம். இறங்கும்போது இரண்டு கட்டை விரல் நகமும் கறுத்து, ஊர் வந்து ஒரு மாதத்தில் விழுந்தது. மலையில் போடப்போகும் கனத்த சாக்ஸோடு, சாயங்காலம், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். சுவரை முன்காலால் நான்கு உதை உதையுங்கள். விரல் இடித்தால் வேறு கேளுங்கள்.

கோட்டை ஏறுவது நல்லது. ஆனால் முதுகில் பத்து கிலோ அரிசிப் பையோடு ஏறுங்கள், அதே பையோடு இறங்கவும் செய்யுங்கள். தொடை இறங்கும்போதுதான் போகும். தீர்த்தமலைப் படியில் நான் அப்படித்தான் பழகினேன், கோயிலுக்கு அரிசி கொண்டு வருகிறேன் என்று நினைத்து ஒரு பாட்டி என்னைக் கும்பிட்டார். ஆனால் ஒன்று, நம்ம மாவட்டத்தில் காலைத்தான் பழக்கலாம். உயரத்துக்கு உடம்பைப் பழக்க இங்கே மலை கிடையாது.

தர்மபுரி நர்ஸ் எழுதியது:

வாத்தியார் சார் சொன்னதோடு மருந்து விஷயம் மட்டும். டயமாக்ஸ் பற்றி யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள், உயரத்தில் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கப் போடும் மாத்திரை. தடுப்புக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்குவது. சல்ஃபா அலர்ஜி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அண்ணா, உங்கள் பிபி மாத்திரை என்ன மாத்திரை என்று நீங்கள் சொல்லவில்லை. சில பிபி மாத்திரை சிறுநீரைக் கூட்டும், டயமாக்ஸும் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் உடம்பில் நீரும் உப்பும் இறங்கிவிடும். சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள், எத்தனை மீட்டர் என்பதையும் சொல்லுங்கள். "டூர் போறேன்" என்று சொன்னால் அவர் ஊட்டி என்று நினைத்துக்கொள்வார்.

சரி என்றால் ஊரிலேயே இரண்டு நாள் சாப்பிட்டுப் பாருங்கள். விரல் நுனி குறுகுறுக்கும், கோலி சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். தூக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை போட்டுவிடாதீர்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டரை நம்பி உட்காரவும் வேண்டாம், கை சில்லிட்டிருந்தால் அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். நடை தள்ளாடுகிறதா, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, அதைப் பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் இறங்குவதுதான் மருந்து. ஊசியும் சிலிண்டரும் இறங்கும் வரைக்கும்தான்.

ஓசூர் பையன் எழுதியது:

நேராக 6,000-க்குப் போகாமல் மணாலி பக்கம் ஃப்ரெண்ட்ஷிப் பீக் ஏறிப் பார்க்கலாமே? 5,289 மீட்டர், க்ராம்பானும் கயிறும் அங்கேயே பழகிவிடும். இன்னும் ஒழுங்காக என்றால் உத்தரகாசி நேரு இன்ஸ்டிடியூட்டில் மலையேற்றத்துக்கான பேசிக் கோர்ஸ், கிட்டத்தட்ட ஒரு மாதம். முன்னெல்லாம் எல்லோரும் லே பக்கத்திலேயே இருக்கும் ஸ்டோக் காங்ரி மலைக்குப் போவார்கள், 2020-ல் அதை மூடியதும் கூட்டம் காங் யாட்சே பக்கம் திரும்பியது. கூட்டம் வந்தால் அவசர பேக்கேஜும் வரும். அப்புறம் இன்ஷூரன்ஸ் பார்த்தீர்களா? சாதாரண பாலிசியில் மலையேற்றத்துக்கு உயர வரம்பு போட்டிருப்பார்கள், சின்ன எழுத்தில்.

காவேரிப்பட்டணத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஓசூர் தம்பி, ஒரு மாதம் லீவு கேட்டால் என் மேனேஜர் என்னையே கூழாக்கிவிடுவார். ஃப்ரெண்ட்ஷிப் பீக் யோசனை நல்லது, ஆனால் லடாக் என்று மனதில் விழுந்துவிட்டது.

நேற்று இரண்டு ஏஜென்சிக்கும் போன் செய்தேன். எட்டு நாள்காரரிடம் எத்தனை மணிக்குத் திருப்புவீர்கள் என்றேன். "சார், நெகட்டிவா யோசிக்காதீங்க" என்றார். பன்னிரண்டு நாள்காரர் காலை எட்டு மணி என்றார், நான்கு பேருக்கு ஒரு கைடு என்றார். ஆறு பேர் குழு என்பதால் இரண்டு கைடு வருவார்கள். தாச்சுங்சேயில் தங்குவோமா என்றதும், "உங்களுக்கு அந்த இடம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அரூரில் ஒரு வாத்தியார் இருக்கிறார் என்றேன். அங்கே ஒரு ராத்திரி சேர்த்திருக்கிறார்.

நர்ஸ் அம்மா, மாத்திரைச் சீட்டோடு திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். ஷூ 9 போடுவேன், பத்தும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு ராயக்கோட்டை மலையடிவாரத்தில் அரிசிப் பையோடு நிற்பேன். ரன்னரும் வருவதாகச் சொல்லியிருக்கிறான், பை தூக்க மாட்டானாம். உங்களுக்கு பஸ் சரிப்படுமா, இல்லை நான் வண்டி எடுத்து வரட்டுமா?