முத்தியாலுப்பேட்டை வாத்தியாரும் எங்கள் தெருச் சாக்கடையும்

மனசில் நிற்கும் வாத்தியார் யார் என்று பேச்சு வந்ததும் ஆளாளுக்கு வாத்தியார் கதை சொல்கிறீர்கள். என் பங்குக்கு, நான் நேரில் பார்த்தே இராத ஒருவர்: தமிழறிஞரும் வரலாற்று நூலாசிரியருமான மா. இராசமாணிக்கனார். அவர் காலமானது 1967இல். நான் பிறந்ததே அதற்கு அப்புறம்தான்.

மகளுக்கு ஆறாம் வகுப்பில் சிந்துவெளிப் பாடம், மறுநாள் தேர்வு. "பெருங்குளம், தானியக் களஞ்சியம், முத்திரைகள்" என்று கண்ணை மூடி ஒப்பித்துக்கொண்டிருந்தவள், "அந்தக் குளத்துல யாருப்பா குளிச்சாங்க?" என்று கேட்டாள். நான் முழித்தேன். அப்பா விட்டுச்சென்ற அலமாரியில் இராசமாணிக்கனார் எழுதிய 'மொஹெஞ்சொ-தரோ அல்லது சிந்துவெளி நாகரிகம்' இருந்தது ஞாபகம் வந்தது. எடுத்தால் அட்டையே இல்லை. முதல் பக்கங்களைச் செல் அரித்திருந்தது.

தரையில் உட்கார்ந்து வாசித்தோம். மன்னர் பட்டியல் கிடையாது (சிந்துவெளி எழுத்தைத்தான் இன்னும் யாராலும் படிக்க முடியவில்லையே). வீடு, கிணறு, குளிக்கும் இடம், விளையாட்டுச் சாமான் என்று போகிறது. நடை கொஞ்சம் பழையது, நடுநடுவே நான் சொல் விளக்க வேண்டியிருந்தது. ஆனால் செங்கல்லில் கட்டி மேலே மூடிய சாக்கடை வந்ததும் அவளே நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

"நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே மூடி போட்டாங்களா? நம்ம தெருவுல ஏன் இல்ல?"

இதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அப்போது இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக இருந்து மொஹெஞ்சொ-தரோ அகழாய்வை நடத்திய ஜான் மார்ஷலின் அறிக்கை 1931இல் ஆங்கிலத்தில் மூன்று பெரிய தொகுதிகளாக வந்தது. வாங்கிப் படிக்க யாரால் முடியும்? பத்தே வருஷத்தில், 1941இல், இந்தத் தமிழ் நூல் வந்துவிட்டது. எழுதியவர் அப்போது சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர். பையன்கள் எந்த இடத்தில் கொட்டாவி விடுவார்கள் என்று தினமும் பார்த்தவர் அல்லவா, அது எழுத்தில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

அவருடைய 'பல்லவர் வரலாறு', 'சோழர் வரலாறு' இரண்டும் கனமான ஆராய்ச்சி. ஆசைப்பட்டுச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். மாணவர்களுக்கென்றே எழுதிய 'நாற்பெரும் வள்ளல்கள்' சரியாக இருக்கும். நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்திலும் தேடிப் பார்க்கலாம்.

சரி, தேர்வுக்கு வருகிறேன். என்ன எழுதினாய் என்று சாயங்காலம் கேட்டேன். சாக்கடை பற்றி மட்டும் ஒரு முழுப் பக்கமாம். கேள்விக்கு மதிப்பெண் இரண்டு.