பாடுறது மீனா ஊரியா? விஞ்ஞான வகுப்பில எதைச் சொல்றது?

கல்லடி டீச்சர்: "தோணிக்காரரை வகுப்புக்குக் கூப்பிடுங்க, மட்டக்களப்பு வாவியில மீன் பாடுறதைப் பாடமாக்குங்க, அதுதான் நம்மட மண்ணின்ட அறிவு" எண்டு ஒருத்தர் இங்க நேத்து எழுதியிருந்தார். அறிவு எண்டா சோதிக்கணும். இது சுற்றுலாக்காரருக்கு விக்கிற கதை.

படுவான்கரையான்: தோணிக்காரன் எப்ப டீச்சர் மீன் எண்டான்? அவன் சொல்றது ஊரி, ஓட்டுக்குள்ள இரிக்கிற நத்தை மாதிரிச் சீவன். 1848இல இங்க வந்த வெள்ளைக்கார அதிகாரி எமர்சன் டெனன்டுக்கும் 'அழுகிற ஊரி' எண்டுதான் சொல்லியிரிக்காங்க. மீன் எண்டது கல்லடிப் பாலத்தில நிண்டு படம் எடுக்கிறவங்க.

கல்லடி டீச்சர்: மீனுக்கு உடம்புக்குள்ள மிதக்கிறதுக்கு இரிக்கிற காற்றுப்பை ஊரிக்கு இரிக்கா? சத்தம் போடுற மீன்கள் கன இனம் காற்றுப்பைத் தசையை நடுக்கித்தான் போடுது. ஊரி எதால பாடும், ஓட்டாலயா?

படுவான்கரையான்: எதால எண்டு நான் சொல்லல்ல. ஊரி எண்டுதான் சொன்னன். பாடம் அங்கதான் தொடங்குது. காத்து விழுந்த நிலவு இரவு, இன்ஜின் நிப்பாட்டின தோணி, மரத்துடுப்பு. அலகை ரெண்டடி தண்ணிக்குள்ள விட்டு, பிடியைக் காதுக்கு முன்னால இரிக்கிற எலும்பில அழுத்தணும். துடுப்பு தோணி விளிம்பில பட்டா அலை அடிக்கிற சத்தம்தான் கேக்கும். தண்ணிக்குள்ள போற ஒலியில ஆயிரத்தில ஒரு பங்குதான் காத்துக்கு வரும், அதுதான் குனிஞ்சு கேட்டா ஒண்டுமில்ல. மரம் அந்த எல்லையைத் தாண்டிக் குடுக்கும். இதைத் தோணிக்காரனுக்கு எந்தப் புத்தகம் சொல்லிக் குடுத்தது?

வயர்க்காரன்: இரவில புள்ளைகளைத் தோணியில ஏத்த எந்த அதிபர் கையெழுத்து வைப்பார்? அதிர்வை மின்சாரமாக்குற 27 மில்லிமீற்றர் பீசோ தட்டில கவச வயரை ஒட்டி, எப்பொக்சிப் பசை ரெண்டு பூச்சுப் பூசி இறக்குங்க. குமிழி நிண்டா உப்புத்தண்ணி பூந்து ரெண்டாம் நாளே செத்திரும். போனுக்கு உலோகப் பகுதி நாலு இரிக்கிற பிளக் வேணும், மூணு இரிக்கிறதைப் போட்டா மைக்கெண்டு எடுக்காது.

படுவான்கரையான்: நல்லம். மறுகா அம்பது ஊரியை வாவித் தண்ணியோட ஒரு வாளியில போட்டு அதே தட்டை இறக்குங்க. கேட்டா ஊரி. கேக்காட்டி, வாளிக்குள்ள சேறு இல்ல, அதால அடங்கியிரிக்கும்.

கல்லடி டீச்சர்: ஆகா! கேட்டாலும் ஊரி, கேக்காட்டியும் ஊரி. இதுக்குப் பேர் விஞ்ஞானமா?

படுவான்கரையான்: வாளியில சேறு போட்டுச் செய்ங்க.

முகத்துவாரம்: 2013இல புதுப்பாலம் வந்த பிறகு அந்த வாகன இரைச்சலுக்க ஒண்டும் கேக்காது. 1924இல கட்டின பழைய பாலத்தோட போன கதை இது.

படுவான்கரையான்: பாலத்துக்கடியில நிண்டா லொறிதான் கேக்கும். பாலத்தை விட்டுத் தள்ளிப் போங்க எண்டா வாவிக்குக் கிழக்கால இரிக்கிற எழுவான்கரை ஆக்களுக்குக் கால் வராது.

கல்லடி டீச்சர்: 2014 வரைக்கும் பாலம் இல்லாம மண்முனையில பாதைக்கு, அதான் ஆக்களை ஏத்திக் கடத்துற மிதவைக்கு, காத்து நிண்ட படுவான்கரை ஆக்கள் பாலத்தைப் பத்தி வகுப்பெடுக்கிறாங்க.

படுவான்கரையான்: பாதையில நிண்டதாலதான் தண்ணியைத் தெரியும். ஊரி எண்டா ஊரிதான்.

வயர்க்காரன்: பீசோவைப் பத்தி ஒருத்தரும் கேக்கல்லையே?

கல்லடி டீச்சர்: காற்றுப்பை எங்க எண்டு இன்னும் பதில் வரல்ல.

படுவான்கரையான்: சேறு போட்டீங்களா, இல்லையா?