பாலாற்றுப் பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் புவிசார் தரவு: எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

காட்பாடி_நூலகர்:
எங்கள் நூலகத்தில் புவிசார் தரவு (வரைபடம், செயற்கைக்கோள் படம், இடப் புள்ளிகள்) சேர்ப்பதற்கான வரைவுக் கொள்கையில் இரண்டு விதிகள். ஒன்று, வேலூர் மாவட்டத் தரவு மட்டும். இரண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு நகல் வேண்டாம், இணைப்பு போதும். இரண்டையும் ஆதரிக்கிறேன். ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கிறது. அத்தனையையும் இறக்கி வைக்க எந்தக் கல்லூரியிடம் சர்வர் இருக்கிறது?

குப்பம்_ஜிஐஎஸ்:
சார், முதல் விதி ஒரு வருஷம் தாங்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கின் வேலூர் வேறு. 2019இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்த பிறகு உள்ள வேலூர் வேறு. 2022இல் சித்தூரும் உடைந்தது. மாணவர்கள் ஆய்வு செய்வது ஆற்றை. பாலாறு நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தில் எங்கள் குப்பம் வழியாகத்தான் வாணியம்பாடிக்கு இறங்குகிறது. பொன்னையாறும் சித்தூர்ப் பக்கமிருந்து வந்து சேர்கிறது. ஆற்றுப் படுகையை, அதாவது ஆற்றுக்கு நீர் வடிந்து வரும் பகுதி முழுவதையும், எல்லையாக வையுங்கள். மாவட்ட எல்லைக் கோப்புகளை ஆண்டு போட்டுத் தனித்தனியாக வையுங்கள்.

காட்பாடி_நூலகர்:
படுகை என்றால் கர்நாடகமும் ஆந்திரமும் தலையில் விழுமே. யூடிஎம் (வரைபட ஆயங்களுக்காக உலகைப் பிரிக்கும் முறை) மண்டலமும் மாறுகிறது: 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. நந்தி மலை 43இல், வேலூர் 44இல். இரண்டையும் ஒட்டவைக்க யார் உட்காருவது?

குப்பம்_ஜிஐஎஸ்:
ஒட்டவே வேண்டாம். மூலக் கோப்பை அதன் மண்டலத்திலேயே விட்டு, 32643, 32644 என்ற இபிஎஸ்ஜி எண்ணை (எந்த ஆய முறை என்று காட்டும் குறியீட்டு எண்) விவரப் பதிவில் கட்டாயமாக்குங்கள். பெரிய ஆபத்து பழைய டோப்போஷீட்தான், அதாவது அச்சிட்ட நிலவரைபடத் தாள். வேலூர்த் தாள் 57 P/1 எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவ அளவில் வரைந்தது. ஸ்கேன் செய்து, இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84 என்று பெயர் கொடுத்துவிட்டால் கிணறெல்லாம் நூறு, இருநூறு மீட்டர் நகர்ந்துவிடும். பார்வைக்குத் தெரியாது, கணக்கில்தான் உதைக்கும்.

ஆவணக்_காப்பாளர்:
இரண்டாவது விதியைத்தான் நான் எதிர்க்கிறேன். லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் படங்களின் பழைய தொகுப்பான கலெக்‌ஷன் 1ஐ 2022 கடைசியில் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கலெக்‌ஷன் 2 இருக்கிறது, ஆனால் திருத்தம் வேறு, பிக்சல் மதிப்பும் வேறு. பழைய ஆய்வேட்டின் எண்ணைச் சரிபார்க்க வழியில்லை. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்போ தினமும் மாறுகிறது.

காட்பாடி_நூலகர்:
ஏற்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. ஆய்வேட்டில் பயன்பட்ட படத்தை மட்டும், ஆய்வுப் பகுதி அளவுக்கு வெட்டி, மூலப் படத்தின் முழுப் பெயரோடு வைக்கலாம். அதற்கு மேல் சேர்க்க மாட்டேன்.

ஆவணக்_காப்பாளர்:
அப்படியானால் கோப்பு வடிவத்தையும் எழுதுங்கள்: படத்துக்கு ஜியோடிஃப், கோட்டுக்கும் புள்ளிக்கும் ஜியோபேக்கேஜ். மாணவர்கள் ஷேப்ஃபைல் (பல கோப்புகள் சேர்ந்த பழைய வடிவம்) என்று .shp ஒன்றை மட்டும் கொண்டுவந்து கொடுப்பார்கள்; .shx, .dbf, .prj கூட வராவிட்டால் வாங்கக் கூடாது. ஷேப்ஃபைலில் களப்பெயருக்கு (அட்டவணைப் பத்தியின் தலைப்புக்கு) 10 பைட்தான். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒன்றே 3 பைட் பிடிக்கிறது, 'கிராமம்' கூட முழுசாக நிற்காது. எந்தக் குறியாக்கம் என்று சொல்லும் .cpg கோப்பு தவறினால் பேர்ணாம்பட்டு என்ற ஊர்ப்பெயர் கேள்விக்குறி வரிசையாகத் திறக்கும்.

குப்பம்_ஜிஐஎஸ்:
ஆழ்துளைக் கிணற்றுக் கணக்கெடுப்பில் விவசாயி பெயர், கைபேசி எண், ஜிபிஎஸ் புள்ளி மூன்றும் ஒரே அட்டவணையில் வருகிறது. அதை அப்படியே பொதுவில் வைப்பது அநியாயம். பெயரும் எண்ணும் நீக்கிய பிரதி வாசகருக்கு. மூலப் பிரதி பூட்டி இருக்கட்டும், துறைத் தலைவர் கையெழுத்தில்லாமல் திறக்கக் கூடாது.

காட்பாடி_நூலகர்:
இதில் மறுப்பே இல்லை. படுகை எல்லைக்கும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆந்திர, கர்நாடகப் பகுதிக்கு நாங்களாகத் தேடிப் போக மாட்டோம், ஆய்வேட்டோடு வருவதை மட்டும் வாங்குவோம்.

குப்பம்_ஜிஐஎஸ்:
அது போதாது சார். மேற்படுகை மழையளவும் தடுப்பணைப் புள்ளிகளும் இல்லாமல் வாணியம்பாடி வெள்ளத்தை எந்த மாணவர் கணக்குப் போடுவார்? அந்த இரண்டையாவது நூலகமே கேட்டு வாங்க வேண்டும்.