ராத்திரி தனியாக வீடு திரும்ப பெப்பர் ஸ்ப்ரேயா, கத்தியா? கேஸ் நம் மேலேயே திரும்புமா?

கோவைக்காரி
வணக்கம். லேப் வேலை, ரெண்டாவது ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது பத்தரை ஆகிவிடும். ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நடை, பாதி தூரம் காலி மனைகள்தான், தெருவிளக்கு எரிந்தால் உண்டு. போன வாரம் ஒரே பைக் ரெண்டு தடவை பக்கத்தில் வந்து மெதுவாக்கிவிட்டுப் போனது. அண்ணன் ஒரு மடக்குக் கத்தியை வாங்கி வந்து பையில் போட்டுக்கோ என்கிறான், அம்மா மிளகாய்ப்பொடிப் பொட்டலம் போதும் என்கிறார், நான் பெப்பர் ஸ்ப்ரே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமா? அடித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கோர்ட்டுக்கு அலைவது நானா?

சேலம் வக்கீல்
ஸ்ப்ரேவுக்கு லைசென்ஸ் வேண்டாம், கடையிலேயே விற்கிறார்கள். கத்தி விஷயம் கொஞ்சம் சிக்கல். சமையல், விவசாயம், தொழில் இவற்றுக்கு இல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு ஆயுத விதிகளின் பட்டியலில் வரும். உங்கள் அண்ணன் வாங்கியது அந்த அளவுக்குள்தான் இருக்கும். ஆனால் அளவு சரியாக இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். கத்தி ஒரு அங்குலம் தள்ளி இறங்கினால் காயம் மரணமாகிவிடும், அப்புறம் "இதை எதற்காகத் தினமும் பையில் வைத்திருந்தீர்கள்" என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி.

தற்காப்பு உரிமை பழைய இ.பி.கோ.வில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆபத்து வருகிறது என்று நியாயமாக அச்சப்படும் நொடியில் உரிமை தொடங்குகிறது, அவன் அடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்து போனதும் உரிமையும் போய்விடும். ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பில் சேராது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீஸ் உதவியை நாட அவகாசம் இருந்தால் நாடியாக வேண்டும், இது 37. பாலியல் வன்முறை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவற்றில் எதிராளி செத்தாலும் பாதுகாப்பு உண்டு, இது 38. 2012-ல் மதுரையில் மகளிடம் தவறாக நடக்க முயன்ற கணவனை கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை அப்போதைய எஸ்.பி. அஸ்ரா கார்க் விடுவித்தது இதே பிரிவின் பழைய வடிவமான 100-ன் கீழ்தான்.

ஸ்ப்ரே என்றால் எதுவும் ஆகாது என்றும் சொல்ல முடியாது. 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது, இடத் தகராறில் காவலாளி மேல் ஸ்ப்ரே அடித்ததாகப் புகார். தற்காப்புக்காகத்தான் அடித்தோம், வழக்கை ரத்து செய்யுங்கள் என்று கேட்டார்கள். உடனடி ஆபத்து எதுவும் தெரியவில்லை, பெப்பர் ஸ்ப்ரே ஆபத்தான ஆயுதம்தான் என்று சொல்லி மறுத்துவிட்டது. வாய்ச்சண்டைக்கு அடிக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஈரோடு புல்லட்
சட்டம் எல்லாம் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தவனுக்குத்தான் சார். நான் வண்டியில் எப்போதும் ஒரு இரும்பு ராடு வைத்திருக்கிறேன். பார்த்தாலே பயப்படுவான்.

சேலம் வக்கீல்
புல்லட் சகோ, நைட் வண்டி சோதனையில் அந்த ராடுக்கு என்ன பதில் சொல்வீர்கள்? அது போகட்டும், இவர் நடந்து வருகிறவர். தோளில் பை, கையில் டிபன் பாக்ஸ், இதில் ராடை எங்கே ஓங்குவது? பிடுங்கினால் அது அவன் கைக்குப் போய்விடும். கத்திக்கும் இதே கதைதான்.

வார்டு அக்கா
நான் நர்ஸ், வருஷக்கணக்கில் நைட் டூட்டி. கோவைக்காரி, ஸ்ப்ரேயே வாங்கும்மா, ஆனால் வாங்கிப் பையில் போட்டதோடு விட்டுவிடாதே. பைக்கு அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே கிடக்கிற ஸ்ப்ரே இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கைக்குள் இருக்க வேண்டும். மேலே ஒரு சின்ன பூட்டு மாதிரி இருக்கும், கட்டைவிரலால் அதைப் பக்கவாட்டில் தள்ளி அழுத்துகிற மாடல், மூடியைத் தூக்கி அழுத்துகிற மாடல் என்று ரெண்டு மூன்று விதம் உண்டு. எது வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பழகு. மொட்டை மாடியில் காற்று உன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நின்று ஒரே ஒரு தடவை அடித்துப் பார், எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். புகை மாதிரிப் பரவுகிறதைவிட நேர்கோடாகப் பீய்ச்சுகிறது திறந்த வெளிக்கு நல்லது, எதிர்க்காற்றில் உன் மேலேயே திரும்புவது குறையும். டப்பாவில் காலாவதித் தேதி இருக்கும், அதைத் தாண்டினால் உள்ளே அழுத்தம் குறைந்துபோய் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அம்மா சொல்கிற மிளகாய்ப்பொடியும் கண்ணை எரிக்கும்தான், ஆனால் பொட்டலத்தைப் பிரித்து எறிவதற்குள் பாதி உன் முகத்தில். ஷாக் அடிக்கிற டார்ச் என்று ஆன்லைனில் வருவது இன்னும் மோசம், அவனைத் தொட்டால்தான் வேலை செய்யும், அவ்வளவு பக்கத்தில் ஏன் போக வேண்டும்?

அடித்தால் நின்று பார்க்காதே, ஓடு. வெளிச்சத்துக்கு வந்ததும் நீயே முதலில் 112-க்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு. உன் கண்ணில் பட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு.

சேலம் வக்கீல்
அக்கா சொன்ன போன் கால் முக்கியம். முதலில் புகார் சொன்னது யார் என்பது பிறகு ரொம்ப உதவும். இன்னொன்று, அந்த பைக் விஷயத்தை இப்போதே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனில் தரும் ஒப்புகை) வாங்குங்கள், நம்பர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு ஸ்ப்ரே அடிக்க வேண்டி வந்தால், உங்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது என்று காட்ட அந்தத் துண்டுத்தாள் போதும். போனில் காவல் உதவி ஆப்பையும் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவைக்காரி
ரொம்ப நன்றி சார், நன்றி அக்கா. நாளைக்கு லீவு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம், அடுத்த மாதம் டெல்லிக்கு ஃபிளைட்டில் டிரெய்னிங் போகிறேன். ஸ்ப்ரேயைக் கொண்டுபோகலாமா?

வார்டு அக்கா
கைப்பையில் விடமாட்டார்கள்மா, செக்யூரிட்டியிலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். வீட்டில் வைத்துவிட்டுப் போ, அங்கே போய் ஒன்று வாங்கிக்கொள். பஸ், கார் மாதிரி அடைத்த இடத்துக்குள் அடிக்கிற வேலையும் வேண்டாம், அவனோடு சேர்ந்து நீயும்தான் இருமிக்கொண்டு கிடப்பாய்.